அழிக்க ஆளில்லாத எழுத்து

தீனதயாளன் எதை எழுதினாலும் முதலில் பிள்ளையார் சுழி போடுவார். எல்லோரும்தான் போடுகிறார்கள் என்பீர்கள். இவர் போடுவது அப்படியல்ல. பேனா மூடியைக் கழற்றிப் பின்பக்கம் செருகிக்கொண்டு, தாளின் உச்சியில் நடுவாக ஓர் இடத்தை முதலில் கண்ணால் பிடித்து வைப்பார். பிறகு சர்க்கரைத் துணுக்கைச் சுற்றிவரும் எறும்புபோல மெதுவாக ஒரு சுற்று சுற்றி, வாலை வலதுபக்கம் இழுத்து, அதன் முனையில் பேனாவை நிறுத்துவார். நிறுத்திய அந்தக் கணம் கண்ணை மூடிக்கொள்வார். கண் திறந்த பிறகுதான் பேனா கீழே இறங்கும்.

தாள் என்றில்லை. பரோட்டாக் கடை மேசையில் தண்ணீர் தொட்டு யாருக்காவது வழி வரைந்து காட்டினாலும் முதலில் சுழிதான். வாட்ஸ்அப்பில் மனைவி ரேணுகாவுக்கு 'உ' என்று ஒரு மெசேஜ் போகும். அதன் பின்னால் 'தயிர் வாங்கிட்டேன்' என்று இன்னொன்று போகும். போன் இரண்டு முறை சிணுங்கினால் முதலாவது பிள்ளையார், இரண்டாவதுதான் புருஷன் என்று ரேணுகாவுக்குத் தெரியும். ஒருமுறை மாமல்லபுரம் கடற்கரையில் வெளியூர்க்காரர் ஒருவர் பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டார். இவர் ஈர மணலில் குந்தி சுழி போட்டார். அலை வந்து எடுத்துக்கொண்டு போயிற்று. மறுபடி போட்டார். மறுபடி அலை. வெளியூர்க்காரர் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, இந்த ஆளுக்கு வேறு ஏதோ பிரச்சினை என்று நினைத்து, சங்கு விற்பவரிடம் கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

துக்கச் செய்தி எழுதும்போது மட்டும் போடமாட்டார். அப்போது எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் அவர் கை தாளுக்கு மேலேயே பருந்துபோல வட்டமிடும்.

மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் போகிற சாலையில் ஒரு பொறியியல் கல்லூரி இருக்கிறது. அங்கே கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிற வேலை அவருக்கு. மெஷின்களைப் போடுவது, அணைப்பது, தூசி தட்டுவது, மாணவர்கள் பிடுங்கிவிட்ட மவுஸைத் திரும்பச் செருகுவது. புரோகிராம் எழுதத் தெரியாது. ஆனால் நித்தின் சொல்லச் சொல்ல, இரண்டு விரலால், கீபோர்டை விட்டுக் கண்ணெடுக்காமல் எதையும் அடித்துவிடுவார். நித்தின்தான் கல்லூரியின் சிஸ்டம் ஆள், ஊரப்பாக்கத்துப் பையன், கல்யாணம் நிச்சயமாகிப் பத்திரிகை வைத்துக்கொண்டிருந்தான்.

லேபில் ஏசி உண்டு. ஏசி மெஷின்களுக்காகப் போட்டதுதான். ஆனாலும் அது ஆள் பார்த்து அடிப்பதில்லையே. வீடு இருக்கிற கடப்பாக்கத்து உப்பு வெயிலிலிருந்து இரண்டு பஸ் மாறி, சட்டை முதுகோடு ஒட்டிப்போய் வந்து சேருகிறவருக்கு அந்தக் கதவைத் திறக்கிற நிமிஷம்தான் நாளின் முதல் நல்ல செய்தி. அந்த வேலைக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. இல்லை, வந்திருப்பதாக அவர் நம்பினார்.

நம்புவதற்குக் காரணம் மோகன். இவருக்கு முன்னால் லேபில் இருந்தவர். ஒரு செய்முறைத் தேர்வின்போது பிரிண்டர் மக்கர் பண்ணியது. அடுத்த வாரம் மோகன் கல்லூரி பஸ் செக்‌ஷனில் இருந்தார். இப்போது விடிவதற்கு முன்பே அச்சரப்பாக்கத்தில் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்ற ரோட்டோரமாக விசிலோடு நிற்கிறார். 'பஸ் எங்க வருது' என்று பெற்றோர்கள் போன் செய்துகொண்டே இருப்பார்களாம். போன வாரம் பிரின்சிபால் வராந்தாவில் தீனதயாளனை நிறுத்தி, தோளில் கைவைத்து, "பரீட்சை முடியட்டும் தீனா, உங்க விஷயமா ஒண்ணு யோசிச்சு வெச்சிருக்கேன்" என்றார். தோளில் வைத்த கை லேசாகத்தான் இருந்தது. ஆனால் அன்றிரவு முழுக்க அவர் காதில் விசில் சத்தம்.

அதனால் இந்தத் தேர்வில் லேப் சொதப்பக்கூடாது. லேபோ, தேர்வன்று காலையில், சொதப்பியது.

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து திறந்த முதல் நாள். தீனதயாளன் சீக்கிரமே வந்து மெஷின்களை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனார். ஒவ்வொரு திரையிலும் இடதுபக்க மேல் மூலையில், பூஜையன்று அவர் வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து இருந்தது. அதன் நடுவில் குங்குமம். ஓரத்து பிளாஸ்டிக்கில் வைத்தால் நிற்கவில்லை என்று கண்ணாடியிலேயே வைத்திருந்தார். வரிசையாகப் பார்க்கும்போது லேப் முழுக்கக் குளித்துவிட்டுப் பரீட்சைக்கு வந்த பிள்ளைகள் மாதிரி இருந்தது.

ஹரிப்ரியா மேடம் வந்தார். தேர்வுக்குப் பொறுப்பு அவர்தான். ஊர் பொள்ளாச்சிப் பக்கம். கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை. ஒரு மெஷினில் உட்கார்ந்து, சின்னதாக ஒரு புரோகிராம் எழுதி, அதை ஓடவைக்கிற கம்பைலரைக் கூப்பிட 'ஜிசிசி' என்று அடித்தார். கருப்புத் திரை ஒரு வரியைத் துப்பியது. கமாண்ட் நாட் ஃபவுண்ட். அப்படி ஒரு ஆளே இல்லையாம். அடுத்த மெஷின். அங்கேயும் இல்லையாம். வரிசை முழுக்க, பொட்டு வைத்த முகத்தோடு, ஒரே பொய்யை ஒரே மாதிரி சொல்லின.

"என்னங்க சார் இது? பூஜைக்கு முன்னாடியே ஒருக்கா ஓட்டிப் பாக்கச் சொன்னேனில்லீங்க?"

சொன்னதென்னவோ உண்மைதான். ஆனால் அவர் சொன்னபோது மெஷின்களுக்கெல்லாம் பொட்டு வைத்தாகிவிட்டது. பூஜையில் வைத்ததை எடுத்து ஓட்டக்கூடாது என்று தீனதயாளன் கறாராகச் சொல்லிவிட்டார். மேடமும், அதுவும் சரிதான் என்று சுண்டலை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

தீனதயாளன் தனக்குத் தெரிந்த வைத்தியங்களைப் பார்த்தார். அணைத்துப் போட்டார். வயரைப் பிடுங்கிச் செருகினார். ஏசியை இரண்டு புள்ளி குறைத்தார். ஜிசிசி திரும்பி வரவில்லை. ஊரப்பாக்கத்தில் யாரோ மாமா வீட்டில் பத்திரிகை வைத்துக்கொண்டிருந்த நித்தினுக்குப் போன் போட்டார்.

"அண்ணாத்த, மெஷினுக்குள்ள ஜிசிசி கீதா, இல்ல யாராவது தூக்கிகினு பூட்டாங்களா?" என்று கேட்டான் அவன்.

"அத யாருப்பா தூக்குவான்? தூக்கினாலும் எங்க போயி விப்பான்?"

மெஷினுக்குள் ஜிசிசி இருக்கவேண்டிய இடத்தின் நீளமான முகவரியை நித்தின் சொல்லச் சொல்ல, தீனதயாளன் சாய்வுக் கோடு சாய்வுக் கோடாக அடித்தார். எண்டர் தட்டியதும் வேறொரு வரி வந்தது. ஃபைலைக் கொடுக்காமல் சும்மா கூப்பிட்டால் என்ன அர்த்தம் என்கிற தொனியில் இருந்தது அது.

"நித்தின், திட்டுதுப்பா."

"திட்டுச்சா? அப்ப உசுரோட கீது. கவலைய வுடு."

பிறகு நித்தின் விளக்கினான். நாம் அடிப்பதையெல்லாம் வாங்கி வேலை செய்கிற ஷெல் என்பது புதிதாகச் சேர்ந்த கொரியர் பையன் மாதிரியாம். பெயரை மட்டும் சொன்னால், தன் கையில் இருக்கிற தெருக்களில் மட்டும்தான் தேடுவான். அந்தத் தெருக்களில் இல்லையென்றால் 'அப்படி யாரும் இல்லை' என்று சொல்லிவிட்டு அடுத்த பார்சலுக்குப் போய்விடுவான். ஜிசிசி வீட்டில்தான் இருக்கிறார், காபி குடித்துக்கொண்டு. பையனுக்குத்தான் அந்தத் தெரு தெரியவில்லை. எந்தெந்தத் தெருவில் தேடவேண்டும் என்று ஒரு ஃபைலில் எழுதி வைத்திருக்கும். புது ஜிசிசியை வேறு தெருவில் குடிவைத்ததும், அந்த ஃபைலை மாற்றத்தானே பூஜைக்கு முன்னால் போனில் சொன்னேன், மாற்றவில்லையா என்று கேட்டான்.

மாற்றினாரே. நித்தின் சொன்னபடி ஃபைலைத் திறந்து, பழைய வரியை எடுத்துவிட்டு, அவர் வழக்கப்படி ஆரம்பித்து, புது வரியை அடித்து, சேமித்து, எல்லா மெஷினுக்கும் ஒரே தட்டில் அனுப்பினாரே. ஒரு எழுத்து தப்பில்லை. கேட்டவுடன் ஒப்பித்தும் காட்டினார். சரியாகத்தான் இருந்தது.

நித்தினுக்கே குழப்பமாகிவிட்டது. அப்படியானால் இப்போதைக்கு ஒவ்வொரு மெஷினிலும் கையால் அந்தத் தெருவைச் சொல்லிவிடுங்கள், அணைக்கிறவரை ஞாபகம் வைத்திருக்கும் என்றான். மேடம் இந்தக் கோடியிலிருந்தும் தீனதயாளன் அந்தக் கோடியிலிருந்தும் நாற்று நடுகிறவர்கள் மாதிரி குனிந்து குனிந்து அடித்துக்கொண்டு வந்தார்கள். நடுவில் சந்தித்தார்கள். ஜிசிசி என்றால் எல்லா மெஷினும் இப்போது 'உள்ளேன் ஐயா' என்றது. தீனதயாளன் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கரண்ட் போயிற்று.

யுபிஎஸ் பேட்டரி ரிப்பேருக்குப் போயிருந்தது. கரண்ட் உடனே வந்துவிட்டது. ஆனால் நட்டதெல்லாம் போயிற்று. ஜிசிசி மறுபடி காணாமல் போனார்.

இதற்குள் எக்ஸ்டர்னல் வந்துவிட்டார் என்று செய்தி. தேர்வு நடத்த வெளியிலிருந்து வருகிற பேராசிரியர். பார்த்தசாரதி என்று பெயர். கண்டிப்பானவர் என்று பெயருக்கு முன்னாலேயே வந்து சேர்ந்த புகழ். எக்ஸ்டர்னல் வந்தால் முதலில் கேன்டீன் நாஸ்தா கொடுத்துவிட்டுத்தான் லேபுக்குக் கூட்டிவருவது வழக்கம். மேடம் கேன்டீனுக்குப் போன் செய்தார். அவர் பொங்கலை முடித்துவிட்டு வடைக்கு வந்திருப்பதாகத் தெரிந்தது.

"இன்னொரு வடை வைங்க. வேண்டாம்னாலும் வைங்க. சாம்பார் ஆறிப்போச்சுன்னு எடுத்துட்டுப் போயி, சூடு பண்ணிட்டு மெதுவ்வா வாங்க."

முழு முகவரியையே கரும்பலகையில் எழுதிப்போட்டால் என்ன என்று தீனதயாளன் கேட்டார். மேடம் தலையில் கைவைத்தார். பிள்ளைகள் இந்த செமஸ்டர் முழுக்கக் கற்ற ஒரே மந்திரம் ஜிசிசிதான். அவ்வளவு கோடுகளைப் பார்த்தால் பாதிப் பேர் சாய்வு மாற்றிப் போடுவார்கள், மீதிப் பேர் அழுவார்கள். லேப் தயாராக இல்லை என்று எக்ஸ்டர்னல் எழுதிவைப்பார் என்றார். எழுதிவைப்பார் என்ற சொல் தீனதயாளன் காதில் விசிலாக விழுந்தது. கரண்டைப் பார்க்க வந்த எலெக்ட்ரீஷியன் ஜான்சன், ஏணியோடு வாசலிலேயே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

நித்தின் வீடியோவில் வந்தான். பின்னால் யாரோ அவனுக்குக் கேசரி நீட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த ஃபைலைத் திறந்து காட்டச் சொன்னான். தீனதயாளன் போனைத் திரையருகே பிடித்தார். ஒரே ஒரு வரி. திரையின் மேல்மூலையில் தொடங்கிக் கம்பீரமாக ஓடியது.

"வரி கரீட்டாதான் கீது. முன்னால இன்னாது அது, பொட்டு மாதிரி?"

"பொட்டுதாம்ப்பா அது. சந்தனம். பூஜைக்கு வெச்சது."

"தொடச்சிட்டுக் காட்டு அண்ணாத்த, பேஜாரா கீது."

மேடம் துப்பட்டா நுனியால் துடைத்தார். சந்தனம் உதிர்ந்தது. கீழே சின்னதாக ஒரு கட்டம் மிச்சமிருந்தது. மறுபடி துடைத்தார். தீனதயாளன் நகத்தால் சுரண்டினார். கண்ணாடிக்கு அடிக்கிற நீல மருந்தை அடித்துத் தேய்த்தார். கட்டம் பளபளவென்று முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. அடுத்த மெஷினிலும் ஃபைலைத் திறந்து பொட்டைத் துடைத்தார்கள். அங்கேயும் கட்டம்.

"அழியலையே, நித்தின். சந்தனம் கண்ணாடில ஊறிப்போச்சு போல."

"கண்ணாடி இன்னா இட்டிலியா, ஊறிப்போறதுக்கு? அம்புக்குறிய இடதுபக்கமா தட்டு."

தட்டினார். இமைத்துக்கொண்டிருந்த கர்சர் எழுத்தெழுத்தாகப் பின்வாங்கி, கட்டத்தின் மேல் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி நின்றது. சந்தனத்தின் மேல் கர்சர் ஏறி இறங்காது. அது எழுத்து. திரைக்குப் படிக்கத் தெரியாத எழுத்தென்றால் கட்டமாகத்தான் காட்டும் என்றான் நித்தின். பிறகு கேசரியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"அண்ணாத்த. ஃபைலத் தொறந்தவொடனே மொதல்ல இன்னா அடிச்ச?"

தீனதயாளனுடைய வலது ஆள்காட்டி விரல் தானாக மேசைமேல் ஒரு சுற்று சுற்றி, வாலை வலதுபக்கம் இழுத்து, நின்றது. மேடம் அந்த விரலைப் பார்த்தார். ஜான்சனும் பார்த்தார். கோயில் நோட்டீஸ் அடிக்கத் தமிழ் கீபோர்டு வசதி அவரே கேட்டுப் போட்டுக்கொண்டது. சுழி போட்ட கையோடு வழக்கம்போலக் கண்ணையும் மூடிக்கொண்டதால் திரையில் என்ன வந்தது என்று அவர் பார்க்கவேயில்லை.

"புள்ளையார் சுழி," என்றார் கடைசியில், தப்பு செய்தவர் குரலில் இல்லை. வேறென்ன அடிப்பார்கள் என்கிற குரலில்.

கதை முடிந்தது, அழித்துவிட்டால் சரியாகிவிடும், முன்னால் அந்த எழுத்து ஒட்டிக்கொண்டிருப்பதால்தான் கொரியர் பையனுக்கு வரி புரியவில்லை என்றான் நித்தின். தீனதயாளனின் விரல் பேக்ஸ்பேஸ் பொத்தானுக்கு மேலே போய் நின்றது. அங்கேயே வட்டமிட்டது. எத்தனையோ சுழி போட்டிருக்கிறார். அலை அழித்திருக்கிறது, ரேணுகா மேசை துடைக்கிற துணியால் அழித்திருக்கிறாள். அவர் கையால் ஒன்றைக்கூட அழித்ததில்லை. அதுவும் பூஜையில் வைத்த மெஷினில்.

"மேடம், நீங்க அழிச்சுடுங்களேன்."

மேடம் இரண்டு கையையும் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டார். அடுத்த வாரம் அவருக்கு முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு. "என்னால ஆகாதுங்க சார். நித்தின், நீ அங்கிருந்தே அழிக்க முடியாதா?"

முடியும்தான், ஆனால் அடுத்த மாதம் கல்யாணத்தை வைத்துக்கொண்டு தான் அந்தப் பாவத்துக்குப் போவதாக இல்லை என்றான் நித்தின். பின்னாலிருந்து மாமா, மாப்பிள்ளை சொல்வது சரி என்றார். கேன்டீனிலிருந்து போன்: எக்ஸ்டர்னல் இரண்டாவது வடையையும் முடித்துவிட்டு, மூன்றாவதைக் கையால் தடுத்துவிட்டு, காபியில் இருக்கிறார்.

மூன்று பேரும், வீடியோவில் இருந்தவனையும் சேர்த்து, ஒரே நேரத்தில் வாசலில் நின்ற ஜான்சனைப் பார்த்தார்கள். ஜான்சனுக்கு விஷயம் புரிய ஒரு நொடிதான் ஆனது. ஏணியைக் கேடயம்போல முன்னால் இழுத்துக்கொண்டார்.

"இன்னா தீனா, கிறிஸ்டியனுன்னா உட்டுடுவாரா அவரு? கூவத்தூர்ல எங்க வூட்டுக்கு எதிர்க்கவே அவரு கோயிலுதான். தெனம் காலைல மூஞ்சியில முழிக்கணும் நானு."

ஏசி மட்டும் முனகியது. பேக்ஸ்பேஸ் பொத்தான் பலிபீடம்போல நடுவில் இருந்தது. ஏணியை மடக்கிக்கொண்டே, போகிற போக்கில், ஜான்சன்தான் சொன்னார்.

"அச்சரப்பாக்கத்தாண்ட ரோட்ட அகலம் பண்ணப்போ நான் கேபிள் வேலைல இருந்தேன். வழில ஒரு புள்ளையாரு. இடிச்சாங்களா? அலுங்காம தூக்கி ஓரமா ஒக்கார வெச்சாங்க. அவரும் நல்லா கீறாரு, ரோடும் நல்லா கீது."

வீடியோவில் நித்தின் நெற்றியில் அடித்துக்கொண்டான். அழிக்கவே வேண்டாமாம். சுழிக்கு முன்னால் # என்கிற நம்பர் குறியைப் போட்டு, பின்னால் ஒரு எண்டர் தட்டினால் போதுமாம். அந்தக் குறி போட்ட வரியை இயந்திரம் படிக்காமல் தாண்டிப் போய்விடும். பிள்ளையார் மேல் வரியில் தனியாக உட்கார்ந்திருப்பார். கீழ்வரியில் தெரு விலாசம் இருக்கும்.

தீனதயாளன் செருப்பைக் கழற்றினார். குறியைப் போட்டார். கர்சரை அலுங்காமல் சுழிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் எண்டர் தட்டினார். நீளமான வரி ஒரு படி கீழே இறங்கியது. உச்சியில் குறியோடு அந்தக் கட்டம் மட்டும் நின்றது, நாலு சுவர் வைத்த சின்னக் கருவறை மாதிரி. நித்தின் சொன்னபடி எல்லா மெஷினுக்கும் அனுப்பி, எல்லாவற்றையும் அணைத்துப் போட்டார்கள். மேடம் 'ஜிசிசி' என்று அடித்தார்.

திட்டியது.

அந்தத் திட்டைக் கேட்டு மேடத்துக்குக் கண் கலங்கியது. வராந்தாவில் ஷூ சத்தம் கேட்டபோது தீனதயாளன் ஒரு காலில்தான் செருப்பை மாட்டியிருந்தார்.

பார்த்தசாரதி சார் மூன்று மணிநேரமும் உட்காரவேயில்லை. சாப்பிட்ட வடை உட்காரவிட்டிருக்காது. ஒவ்வொரு மாணவர் முதுகுக்குப் பின்னாலும் நின்று பார்த்தார். ஒரு மெஷின்கூட நிற்கவில்லை, ஒரு பிள்ளைகூட அழவில்லை. போகும்போது திரைகளில் இருந்த சந்தனப் பொட்டுகளைப் பார்த்துவிட்டு, இப்படி லேபைக் கோயில் மாதிரி வைத்திருக்கிற ஆளைத் தான் எங்கேயும் பார்த்ததில்லை என்று பிரின்சிபாலிடம் சொன்னாராம். பிரின்சிபால் அன்று தீனதயாளனின் தோளில் மறுபடி கைவைத்தார். 'யோசிச்சு வெச்ச விஷயம்' பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ரேணுகாவின் போன் இரண்டு முறை சிணுங்கியது: 'உ'. 'வேலை தப்பிச்சது'.

தீபாவளிக்குத் துணி எடுக்கப் போனபோது செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் மோகனைப் பார்த்தார். மோகன் ஒரு சுற்று பெருத்திருந்தார். உன்னை இப்படி ரோட்டில் நிறுத்திவிட்டார்களே என்று தீனதயாளன் வருத்தப்பட்டதும், மோகன் அவரை விநோதமாகப் பார்த்தார்.

"யாரு நிறுத்தினா? நானே கேட்டு வாங்கிகினேன் நைனா. வண்டி வூட்டாண்டயே ஏத்திகினு வருது, வூட்டாண்டயே எறக்கி வுடுது. பசங்கள எறக்கிட்டா கடைசி சீட்டுல படுத்துக்குவேன். சாயங்காலம் டிரைவர் வந்து எழுப்புவாரு. உனக்கும்தான் பிரின்சிபால் கடப்பாக்கம் ரூட்டு புது வண்டியப் போட்டு வெச்சிருந்தாரு. பாவம் ரெண்டு பஸ் மாறி வராரேன்னு. அந்த எக்ஸ்டர்னல் வந்து ஆஹா ஓஹோன்னு சொல்லிட்டாரு, இப்படிப்பட்ட ஆள லேப விட்டு எப்படி எடுக்கறதுன்னு வுட்டுட்டாரு."

புது வண்டி ஏசி வண்டி. கடப்பாக்கத்தில் தீனதயாளன் வீட்டுத் தெருமுனையில் புறப்பட்டு, கூவத்தூர் வழியாக, லேப் திறந்த பிறகு வந்து சேர்கிறது. அதன் கடைசி சீட்டில் இப்போது, கழுத்தில் விசிலோடு, ஜான்சன் தூங்குகிறார்.